கண்டதைச் சொன்னவர்

அவருடைய பெயரை நான் ஒரே ஒரு முறைதான் எழுதியிருக்கிறேன். அது ஒரு முறைப்பாட்டுக் கடிதத்தில். இன்னொரு முறை எழுத எனக்கு மனமில்லை. ஸ்கேட்டிங் பழக அந்த ஐஸ் ரிங்க்குக்குப் பிள்ளைகளைக் கூட்டிவந்த தமிழ்ச் சனம் நாங்கள் ஐந்தாறு பேரும் அவரை ‘ஐஸ் அண்ணை’ என்றுதான் கூப்பிட்டோம். அது போதும்.

நாங்கள் இருந்தது லண்டனில், ஸ்ட்ரெதத்தில். அங்கேயும் ஐஸ் ரிங்க் உண்டு. ஆனால் என் மகள் ஆரணியின் பயிற்சியாளர் வேலை செய்தது இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய வேறோர் இடத்தில். பொதுமக்கள் வருவதற்கு முன்னால்தான் பயிற்சிக்கு ஐஸ் கிடைக்கும் என்பதால் காலை ஐந்தரைக்கே அங்கே நிற்கவேண்டும். முதல் நாள் நான் இரண்டு சுவெட்டருக்கு மேல் ஒரு கோட்டையும் போட்டுக்கொண்டு, ‘சூடான இருக்கைகள்’ என்று பலகை தொங்கிய மூலையில் போய் உட்கார்ந்தேன். ஒரு கட்டையான மனிதர், தலையில் ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு கம்பளித் தொப்பி, கையில் ஒரு சின்ன வாளி, என்னைக் கடந்து போனவர் திரும்பி வந்தார்.

“தங்கச்சி, உதிலை இருக்காதையுங்கோ. பலகையிலை மட்டும்தான் சூடு. ஹீற்றர் பழுதாகி ரெண்டு வருசம்.”

நான் தமிழ் என்று எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“குளிருக்கு ‘ஐயோ கடவுளே’ எண்டனீங்கள்” என்றார்.

அவருடைய வேலை, ஐஸின் மேற்பரப்பைச் சீவி, அதன்மேல் சுடுதண்ணீர் படரவிட்டு, மறுபடி கண்ணாடி மாதிரி ஆக்கும் அந்தப் பெரிய வாகனத்தை ஓட்டுவது. ஒவ்வொரு பயிற்சிக்கும் இடையில் கால் மணி நேரம் அவருடையது. மற்ற ஓட்டுநர்கள் வந்து ஏறி, ஓட்டி, இறங்கிப் போவார்கள். இவர் முதலில் வெறும் சப்பாத்தோடு ஐஸின்மேல் இறங்கி ஒரு சுற்று நடப்பார். வழுக்காது. குனிந்து குனிந்து பார்ப்பார். ஸ்கேட்ஸின் முன்பல் குத்திய குழிகளில் வாளியிலிருந்து ஈரப்பனியை அள்ளி வைத்துச் சப்பாத்தின் குதியால் அழுத்துவார். அதற்குப் பிறகுதான் வாகனத்தில் ஏறுவார்.

அந்த ஒரு சுற்றில் அவர் எல்லாவற்றையும் படித்துவிடுவார். யார் நின்றார்கள், யார் விழுந்தார்கள், யார் விழுந்த பிறகு அதே இடத்தில் மறுபடி முயன்றார்கள், யார் பயந்து சுற்றிப் போனார்கள் எல்லாம் ஐஸில் கீறலாக இருக்கும். நாங்கள் வெள்ளையைப் பார்த்தோம். அவர் அதைக் கொப்பியைப் போலப் பார்த்தார். படித்ததைத் தனக்குள் வைத்துக்கொள்ளத் தெரியாதவர் என்பதுதான் அவருடைய வாழ்க்கை முழுக்க நடந்த வில்லங்கம்.

தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் வருவார். கணினி வேலை, நல்ல மனிதர். மகளை ஐஸ் டான்ஸில் விட்டிருந்தார். ஒரு நாள் தடுப்பில் சாய்ந்துகொண்டு, “அண்ணா, நீங்க தினம் பாக்குறீங்களே, என் பொண்ணு பெரிய லெவலுக்குப் போவாளா?” என்று சிரித்தபடி கேட்டார். ஒரு நல்ல வார்த்தை எதிர்பார்த்துத்தான் கேட்டார். அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்தது.

“மாட்டா” என்றார் ஐஸ் அண்ணை. “நீங்கள் நிக்கிற பக்கம் வந்து பாருங்கோ. ஒவ்வொரு சுத்துக்கும் கோடு இதிலை வந்து வளையுது. பிள்ளை உங்கடை முகத்தைப் பாத்திட்டுத்தான் அடுத்த அடி வைக்கிறா. அவவுக்கு இது விருப்பமில்லை. உங்களுக்குப் பயந்துதான் செய்யிறா.”

அந்த மனிதரின் முகம் கறுத்துவிட்டது. “தரையைச் சுத்தம் பண்றவரு சொல்லித்தான் என் பொண்ணைப் பத்தித் தெரிஞ்சுக்கணுமா?” என்று என்னிடம் பொருமினார். அடுத்த மாதத்திலிருந்து அவர்கள் வரவில்லை. நெடுநாள் கழித்து அவரைக் கடைத்தெருவில் கண்டேன். மகள் ஒரு நாள் அழுது எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். அவளுக்கு ஸ்கேட்ஸ் பெட்டியைக் கண்டாலே வாந்தி வருமாம். “அந்தப் பெரியவர்கிட்ட ஒரு தேங்க்ஸ் சொல்லணும்” என்றார். சொன்னாரா தெரியாது. சொல்லியிருக்க மாட்டார். இப்படிப்பட்டவர்களுக்கு யாரும் திரும்பி வந்து நன்றி சொல்வதில்லை.

ஐஸ் அண்ணை லண்டனுக்கு வந்தது சுவிஸிலிருந்து. ஐஸ் வேலை பழகியதும் அங்கேதான். அகதி விசாரணையில் என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டேன். அவரோடு போன பெடியன்கள் எல்லாம் தங்களுக்கு நடந்ததோடு மற்றவனுக்கு நடந்ததையும் சேர்த்துச் சொன்னார்களாம். இவரிடம் அதிகாரி, “உன்னை அடித்தார்களா?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்லை எண்டன். தம்பியைத்தான் கொண்டுபோனவங்கள். என்னை ஒருத்தரும் தொடேல்லை. கேஸைத் தள்ளிப்போட்டாங்கள். ரெண்டாந்தரமும் கூப்பிட்டுக் கேட்டாங்கள். அதையேதான் சொன்னன்.”

“பிறகு என்னண்டு அண்ணை விசா கிடைச்சது?”

“தம்பியின்ரை உடம்பு கிடைச்சது” என்றார். வாளியை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்.

கலியாணம் பேசுகிறவர்கள் மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க அவருக்குப் போன் எடுக்காத காலமும் வந்தது. சுவிஸில் தன்னோடு ஒரே அறையில் இருந்த உயிர்ச் சிநேகிதனின் மகனைப் பற்றிப் பெண் வீட்டார் கேட்டபோது, “பெடியன் நல்லவன். ஆனா காலமை எழும்பினவுடனையே குடிக்கிறவன்” என்று சொல்லிவிட்டார். சம்பந்தம் நின்றது. சிநேகிதன் கனக துர்க்கை அம்மன் கோயில் தேரன்று, வெஸ்ட் ஈலிங் தெருவில், நூறு பேருக்கு முன்னால் அவரைத் தூஷணத்தால் ஏசினான். அவர் கையைக் கட்டிக்கொண்டு நின்று கேட்டாராம். “ஏசட்டும். அவன்ரை பிள்ளை” என்று மட்டும் என்னிடம் சொன்னார். மனைவி நெடுங்காலத்துக்கு முன்பே ஜெனீவாவில் தங்கிவிட்டா. அது ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயமாக இருந்தது.

ஆனாலும் எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அதையும் சொல்லவேண்டும். சீனி போடாத தேத்தண்ணீரைப் போத்தலின் மூடியில் ஊற்றி எனக்குத் தருவார். ஆரணிக்கு எட்டு வயதாக இருக்கும்போதே, “இவ நிப்பா, தங்கச்சி. விழுந்த குழியிலேயே திரும்ப வந்து குத்துறா” என்று சொன்னவர் அவர்தான். அவர் வாயால் அப்படி ஒரு வார்த்தை வந்தது என்பதை நான் ஊரில் அம்மாவுக்குக்கூடப் போன் எடுத்துச் சொன்னேன்.

ஆரணி தேர்ந்தெடுத்தது சோடி ஸ்கேட்டிங். ஐஸ் டான்ஸும் இரண்டு பேர் ஆடுவதுதான், ஆனால் அதில் பெடியன் பெட்டையைத் தலைக்கு மேலே தூக்கக்கூடாது. சோடி ஸ்கேட்டிங்கில் தூக்குவான், எறிவான், அவள் காற்றில் சுழன்று வந்து ஒற்றைக் காலில் இறங்கவேண்டும். அதைப் பார்த்த நாளிலிருந்து வேறெதுவும் வேண்டாம் என்றாள். வேண்டாம் என்றால் மட்டும் போதுமா, பெடியனுக்கு எங்கே போவது?

இந்த நாட்டில் பெடியன்கள் பந்தடிக்கப் போகிறார்கள். ஐஸுக்கு வருகிற சிலரும் தனியே ஆடுகிறார்கள். இணையத்தில் சோடி தேடுவோருக்கென்று பக்கங்கள் இருக்கின்றன. உயரம், எடை, வயது, தேறிய பரீட்சை, வேறு ஊருக்குக் குடிபெயரச் சம்மதமா என்பது வரை எழுதிப் படத்தோடு போடவேண்டும். பெட்டைகளின் படம் பக்கம் பக்கமாக இருக்கும். நானும் ஆரணியின் படத்தைப் போட்டுவிட்டு மூன்று வருடம் காத்திருந்தேன். வெளிநாட்டிலிருந்து ஒரு பெடியனின் தாய் எழுதினாள். ஆனால் பெரிய போட்டிகளுக்குப் போக அவனுக்கு இந்த நாட்டுக் கடவுச்சீட்டு வேண்டும், அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை. அதுவும் நின்றுபோனது.

அந்த நாட்களில்தான் பயிற்சியாளர் பெற்றோரைக் கூட்டினார். அவர் ஓர் ஆங்கிலப் பெண்மணி, தன் காலத்தில் ஐஸ் டான்ஸில் நாட்டுக்காக ஆடியவர். சிற்றுண்டிச் சாலையில் கதிரைகளை வட்டமாகப் போட்டு இருந்தோம். மின்சாரச் செலவு தாங்காமல் ரிங்க்குகள் மூடப்படுவதைச் சொன்னார். ஐஸ் டான்ஸ் எப்படியோ தாக்குப்பிடிக்கும் என்றார். சோடி ஸ்கேட்டிங் இந்த நாட்டில் இன்னும் பத்து வருடம் இருக்குமா என்று ஒரு தாய் கேட்டதற்கு, “எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கு ஒரு பையன் கிடைத்தால் அவனை இழந்துவிடாதீர்கள். என்னால் அவ்வளவுதான் சொல்ல முடியும்” என்றார்.

ஐஸ் அண்ணை பக்கத்து மேசையில் தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். வெளியே வரும்போது என்னிடம், “அந்த மனிசி பாதியைச் சொல்லேல்லை” என்றார்.

“என்ன பாதி அண்ணை?”

“ஒரு பெடியனுக்குப் பின்னாலை பத்துப் பிள்ளையள் நிண்டா, அவன் தனக்கு ஏலாது எண்டு எப்ப சொல்லுவான்? சொன்னா அவன்ரை சோடி போச்சு, பயிற்சி போச்சு, எல்லாற்றை முகமும் போச்சு. சொல்ல மாட்டான். அவன் சொல்லாட்டிப் பிள்ளை விழும். பிள்ளையள் விழ விழ ஆரும் தங்கடை பிள்ளையை அனுப்பாயினம். இது அப்பிடித்தான் முடியும். மின்சாரத்தாலை இல்லை.”

எனக்குக் கோபம் வந்தது. ஏனென்றால் அதற்கு முதல் வாரம்தான் எங்களுக்கு லியம் கிடைத்திருந்தான்.

லியமுக்குப் பதினேழு வயது. ஆரணிக்குப் பதின்மூன்று. முடி சிவந்த, நெட்டையான, சாதுவான பெடியன். அவனுடைய முந்தைய சோடி பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். அவன் எங்கள் வீட்டுக்கு வந்து இடியப்பத்தைக் கரண்டியால் தின்றான். ஆரணியை அவன் முதன்முதலாகத் தலைக்கு மேலே தூக்கிச் சுற்றியபோது அவள் இரண்டு கையையும் விரித்துச் சிரித்தாள். என் பிள்ளை அப்படிச் சிரித்ததை நான் அதற்கு முன்னும் பார்க்கவில்லை, பின்னும் பார்க்கவில்லை. ஒன்றரை வருடத்தில் அவர்கள் நாட்டின் இளையோர் சோடிகளில் பேசப்படுகிறவர்கள் ஆனார்கள். பேசப்படுவதற்கு வேறு சோடிகள் அதிகம் இல்லை என்பதும் உண்மைதான். வெளிநாட்டுப் போட்டி ஒன்றுக்கு அவர்களை அனுப்பப் பேச்சு நடந்தது.

அந்த மாரிக் குளிர்காலத்தில் ஒரு காலை, பயிற்சி முடிந்து ஐஸ் அண்ணை வாளியோடு ஒரு சுற்று நடந்தார். நடந்தவர் நேரே என்னிடம் வந்தார்.

“தங்கச்சி, அந்தப் பெடியனுக்குத் தோளிலை ஏதோ பிழை.”

“ஆர் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. பிள்ளையைத் தூக்கி இறக்கேக்கை அவன்ரை இடது கால் கோடு முந்தி ஒரே வீச்சாப் போகும். இப்ப உடைஞ்சு உடைஞ்சு போகுது. பாரத்தை ஒரு பக்கத்துக்குத் தள்ளிப்போட்டுக் காலைக் குத்தி நிக்கிறான். நாலு நாளாப் பாத்திட்டுத்தான் சொல்லுறன். ஒரு டொக்டர் பாக்கும்வரைக்கும் பிள்ளையை மேலை தூக்க விடாதையுங்கோ.”

நான் பயிற்சியாளரிடம் கேட்டேன். அவர் லியமைக் கேட்டார். லியம் தோளைச் சுழற்றிக் காட்டி, ஒன்றுமில்லை என்றான். எனக்கு அது போதுமாக இருந்தது.

ஐஸ் அண்ணைக்குப் போதவில்லை. அடுத்த நாளும் சொன்னார். அதற்கு அடுத்த நாள் நேரே பயிற்சியாளரிடமே போய்த் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னார். மூன்றாம் நாள் லியமையே மறித்து, “யூ பெயின்? யூ டெல்” என்றார். பெடியன் வெளிறிப்போனான். அன்று மாலை லியமின் தாய் எனக்குப் போன் எடுத்து, அந்த மனிதன் என் மகனைத் தொல்லைப்படுத்துகிறான், இப்படியே போனால் அவனை வேறு ரிங்க்குக்குக் கொண்டுபோய்விடுவேன் என்றாள்.

வேறு ரிங்க். அங்கே வேறு பெட்டைகள் வரிசையில் நிற்பார்கள். எனக்கு அன்று நித்திரை வரவில்லை.

நான் ஒரு சிறுவர் பள்ளியில் உதவியாளராக வேலை செய்கிறேன். பிள்ளைகளின் பாதுகாப்புப் பற்றி எங்களுக்கு வருடா வருடம் வகுப்பு நடக்கும். எந்த வசனத்தைக் கேட்டால் ஒரு மனேஜர் கதிரையை விட்டு எழும்புவார் என்று எனக்குத் தெரியும். ரிங்க் மனேஜருக்குக் கடிதம் எழுதினேன். உங்கள் ஊழியர் இன்னார், பயிற்சி நேரத்தில் தடுப்புக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளின் உடலை உற்றுக் கவனிக்கிறார், அவர்களைத் தனியே மறித்துப் பேசுகிறார், பெற்றோராகிய எங்களுக்கு இது சங்கடமாக இருக்கிறது.

ஒரு சொல்லும் பொய்யில்லை. அதை வாசிக்கிறவர் என்ன நினைப்பார் என்று தெரிந்துதான் ஒவ்வொரு சொல்லையும் வைத்தேன்.

வேலையை விட்டு நிறுத்தவில்லை. விசாரித்தார்கள். பிறகு, பிள்ளைகள் ஐஸில் இருக்கும் நேரத்தில் அவர் இயந்திர அறையை விட்டு வெளியே வரக்கூடாது, பெற்றோரோடும் பிள்ளைகளோடும் பேசக்கூடாது என்று கட்டளை வந்தது. எல்லாரும் போன பின்பு வாகனத்தோடு வருவார், ஓட்டுவார், போவார். வாளியோடு நடக்கும் அந்த ஒரு சுற்றை மட்டும் அவர் விடவில்லை. மற்றத் தாய்மார் அவரைக் கண்டால் பிள்ளைகளைக் கிட்ட இழுத்துக்கொண்டார்கள். அது எப்படி வெளியே பரவியது என்று எனக்குத் தெரியாது. நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. ஆனால் மறுக்கவும் இல்லை.

ஒரு நாள் புதிதாக வந்த தாய் ஒருத்தி அவரிடம் கழிவறை எங்கே என்று கேட்டாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு, “ஐ டோன்ட் நோ” என்றார். பன்னிரண்டு வருடம் அங்கே வேலை செய்தவர். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

ஆரணி விழுந்தது பாடசாலை விடுமுறை வாரத்தில். விடுமுறை என்பதால் அன்று அடுத்தடுத்து இரண்டு பயிற்சி. முதலாவது முடிந்து பிள்ளைகள் உள்ளே போனார்கள். ஐஸ் அண்ணை வாளியோடு இறங்கி நடந்தார். நடு ஐஸில் ஓரிடத்தில் நின்றார். குனிந்தார். நிமிர்ந்தார். இரண்டடி தள்ளி மறுபடி குனிந்தார். பிறகு தலையைத் தூக்கி, நேரே நான் இருந்த பக்கம் பார்த்தார்.

நான் போனை எடுத்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொஞ்ச நேரத்தில் வாகனம் கிளம்பும் சத்தம் கேட்டது. ஐஸ் புதிதாக மினுங்கியது.

இரண்டாவது பயிற்சி தொடங்கி இருபது நிமிடம் இருக்கும். லியம் அவளைத் தூக்கினான். மேலே போனாள், கையை விரித்தாள், அவன் ஒரு சுற்றுச் சுற்றினான். இறக்கும்போது அவனுடைய வலது கை மடிந்தது. ஆரணி பின்பக்கமாக விழுந்தாள். ஐஸில் தலை படுகிற சத்தம் எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. இசை மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. யாரோ ஓடிப்போய் நிறுத்தினார்கள்.

நான் ஐஸில் இறங்கி ஓட முயன்று இரண்டு தரம் விழுந்தேன். மூன்றாம் தரம் ஒரு கை என் முழங்கையைப் பிடித்துத் தூக்கி, என்னை விழாமல் அவளிடம் நடத்திக்கொண்டு போனது. அவர்தான். வெளியே வரக்கூடாது என்ற கட்டளையை மீறி வந்திருந்தார். தன் இரண்டு தொப்பியையும் கழற்றி, ஆனால் அவளுடைய தலையைத் தூக்காமல், பக்கத்தில் மட்டும் அணைத்து வைத்தார். “அசைக்காதையுங்கோ, அசைக்காதையுங்கோ” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் அவருடைய வெறுந்தலையைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். முழு வழுக்கை. அது எனக்கு அன்றுவரை தெரியாது.

மண்டையோட்டில் வெடிப்பு. உள்ளே இரத்தக் கசிவு. இரண்டு தரம் சத்திரசிகிச்சை. பிள்ளை பிழைத்தாள். இடது காது கேட்காமல் போய்விட்டது. அந்தக் காதோடு உடம்பின் சமநிலையும் போனது. நகரும் படிகளில் இன்றைக்கும் அவளால் ஏற ஏலாது. ஒரு வருடம் திரைச்சீலை மூடிய அறையில் இருந்தாள். எழுத்தைப் பார்த்தால் தலையிடி. படிப்பு இரண்டு வருடம் பிந்தியது. லியம் தாயோடு ஆஸ்பத்திரிக்கு வந்து வாசலில் நின்று அழுதான். தோள் மாரி தொடங்கியதிலிருந்தே வலித்ததாம். வலிக்குக் குளிசை போட்டுக்கொண்டு ஆடினானாம். அதற்குப் பிறகு அவன் ஸ்கேட்ஸைத் தொடவில்லை. அந்த ரிங்க்கில் சோடிப் பயிற்சியை நிறுத்திவிட்டார்கள். ஐஸ் டான்ஸ் மட்டும் நடக்கிறது என்று கேள்வி.

ஐஸ் அண்ணை வேலையை விட்டுப் போனதை நான் மாதங்கள் கழித்துத்தான் அறிந்தேன். இல்ஃபோர்டில் தங்கையின் வீட்டில் இருப்பதாகச் சொன்னார்கள். போகவேண்டும் போகவேண்டும் என்று நினைத்து ஐந்து வருடம் போய்விட்டது. போன வருடம் ஒரு சனிக்கிழமை எலிசபெத் லைன் ரயில் எடுத்துப் போனேன். ஒன்றோடொன்று ஒட்டிய வீடுகளின் வரிசையில் கடைசி வீடு. முன்னறையில் கதிரையில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார். சிறுநீரகம் பழுதாம், வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். தங்கை தேத்தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனா.

“பிள்ளை எப்பிடி?” என்றுதான் முதலில் கேட்டார். சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார்.

அதற்குப் பிறகு நான் மன்னிப்புக் கேட்டேன். நான் எழுதிய கடிதத்தைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி மறித்தார்.

“மனேஜர் எனக்கு வாசிச்சுக் காட்டினவர். ஒரு தமிழ்ப் பெடியனைக் கூப்பிட்டுத் தமிழிலையும் சொல்லுவிச்சவர்.”

எனக்கு அங்கிருந்து எழும்பிப் போகவேண்டும் போல் இருந்தது. ஆனால் நான் வந்தது வேறொன்றைக் கேட்க.

“அண்ணை, அண்டைக்கு முதல் பயிற்சி முடிய நீங்கள் ஐஸிலை நடந்தனீங்கள். ஏதாவது கண்டனீங்களோ?”

ஒன்றும் காணவில்லை, சும்மா பார்த்தேன் என்று அவர் சொல்லவேண்டும் என்று நான் அந்த ஒரு கணம் எல்லாத் தெய்வத்தையும் கேட்டுக்கொண்டேன்.

“கண்டனான்” என்றார். “ரெண்டு இடத்திலை பிளேட் வழுக்கிக் கிழிச்சிருந்தது. அவன் அதிலேயே அவவைப் போட்டிருப்பான். ஏதோ தப்பினது.”

“ஏன் அண்ணை எனக்குச் சொல்லேல்லை? கதைக்கக்கூடாது எண்டு சொன்னபடியாலோ?”

அவர் தேத்தண்ணீர்க் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் யோசித்தார். பதிலைத் தேடவில்லை, அதைச் சரியாகச் சொல்லப் பார்த்தார் என்று இப்போது நினைக்கிறேன்.

“அப்பிடிச் சொன்னா எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. ஆனா அது இல்லை, தங்கச்சி. உங்களைப் பாத்தனான். நீங்கள் போனைப் பாத்தியள். எனக்குக் கோவம் வந்திட்டுது. என்னைப் பற்றி அப்பிடி எழுதினவவுக்கு நான் ஏன் சொல்லவேணும் எண்டு நினைச்சன். மெஷினிலை ஏறி அதுக்கு மேலாலை ஓடினன். பிள்ளையை நான் நினைக்கேல்லை.”

தங்கை உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனா. நாங்கள் இருவரும் அழவில்லை. போகும்போது, “தேத்தண்ணி குடிக்கேல்லை” என்றார். நின்றபடியே குடித்தேன்.

அவர் இந்த மாசியில் இறந்துபோனார். செத்தவீட்டுக்கு நான் போனேன். சனம் அதிகமில்லை.

ஆரணிக்கு அன்று மாலை சொன்னேன், ஐஸ் அண்ணை செத்துப்போனார் என்று. அவளுக்கு இப்போது இருபத்தொரு வயது. எனக்கு இடது பக்கமாக வந்து உட்கார்ந்தாள். கேட்கிற காது என் பக்கம் இருக்க அவள் எப்போதும் அப்படித்தான் உட்காருவாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்லிவிடவேண்டும் என்று வழியெல்லாம் மனதில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தேன். அந்தக் கடிதத்தையும்கூட.

“அவர் அண்டைக்கு ஐஸிலை அடையாளம் கண்டவராம் பிள்ளை. லியமின்ரை தோள் சரியில்லை எண்டு அவருக்குத் தெரியுமாம்” என்று தொடங்கினேன்.

“எனக்கும் தெரியும் அம்மா” என்றாள்.

அவள் பாதி தமிழிலும் பாதி ஆங்கிலத்திலுமாகச் சொன்னாள். லியம் அவளிடம் கிறிஸ்மஸுக்கு முன்பே சொல்லிவிட்டானாம். யாருக்கும் சொல்லக்கூடாது என்று இரண்டு பேரும் சத்தியம் செய்துகொண்டார்களாம். அவன் இல்லாவிட்டால் அவளுக்கு வேறு பெடியன் கிடைக்கமாட்டான், அது அவளுக்குப் பதின்மூன்று வயதிலேயே நன்றாகத் தெரியும். ஒவ்வொரு தரம் மேலே போகும்போதும் மனதுக்குள் எண்ணிக்கொண்டே போவாளாம், எண்ணி முடிவதற்குள் இறக்கிவிடவேண்டும் என்று.

“எனக்கு ஏன் சொல்லேல்லை, ஆரணி?”

“சொன்னா நீங்க ஸ்டொப் பண்ணியிருப்பீங்கள்தானே, அம்மா.”

அதை அவள் என்னைக் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. தன் பிழைக்கு என்னிடம் மன்னிப்புக் கேட்கிற குரலில், என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“ஓம் பிள்ளை” என்றேன். “உடனேயே நிப்பாட்டியிருப்பன்.”